கொம்பு இல்லை, பல்

டாக்டரம்மாவுக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது; பல்தான் நிற்கும். கடைத்தெருவில் எதிரே வந்து ஒருவர் வணக்கம் வைத்தால் யாரோ எவரோ என்று பார்த்துக்கொண்டு நிற்பார். வந்தவர் சிரித்துவிட்டால் போதும். "அட, கீழ்வரிசை கடைவாய்! இப்ப வெந்நி குடிச்சா வலிக்குதா?" என்று கையைப் பிடித்துக்கொள்வார். இழவு வீட்டுக்குப் போனால் அவருக்கு ஒருவரையும் தெரியாது. அங்கே யார் சிரிக்கப்போகிறார்கள்?

என்னையும் அவருக்கு வெகுநாள் தெரியாமல்தான் இருந்தது. அவருடைய பல் ஆஸ்பத்திரி மாடியில். நேர் கீழே நான் வேலை பார்த்த, படங்களுக்குச் சட்டம் போடும் பிரேம் கடை. காலையில் ஸ்கூட்டரை எங்கள் கடை வாசலில்தான் நிறுத்துவார். என்னைப் பார்த்து, "தம்பி புதுசா?" என்பார். நான் தலையை ஆட்டுவேன். மறுநாளும் அதே கேள்வி. மழைக்காலம் வந்து போய், கோடையும் வந்துவிட்டது. நான் அவருக்குப் புதிதாகவே இருந்தேன்.

குற்றம் அவருடையது இல்லை. நான் வாயைக் காட்டினால்தானே அவருக்கு என்னைத் தெரியும்? என் மேல்வரிசையில் இடது பக்கத்துக் கோரைப்பல் வரிசையை விட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தெத்துப்பல் என்பார்கள். சிலருக்கு அது அழகாக அமைந்துவிடும். எனக்கு அமையவில்லை. வாயை மூடினாலும் உள்ளேயிருந்து யாரோ விரலால் முட்டுவதுபோல் உதடு புடைத்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வேன். பத்தாவதோடு படிப்பு நின்றதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. கடையில் யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் ஒரு கை தானாக வாய்க்குப் போய்விடும். கண்ணாடி வெட்டும்போது இரண்டு கையும் வேண்டும், அப்போது பேசமாட்டேன்.

ஒரு நாள் மத்தியானம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், டாக்டரம்மா நீளமான அட்டைக் குழாய் ஒன்றோடு கடைக்குள் வந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். குட்டையான உருவம். பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் வாயைத்தான் பார்ப்பார்.

"இதுக்கு பிரேம் போடணும் தம்பி. எங்க அக்கா பிரான்சுலேருந்து அனுப்பியிருக்கா."

அக்காவின் வீட்டுக்காரர் பிரெஞ்சு நேஷனாலிட்டிக்காரர். காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்; அப்படிப்பட்ட குடும்பங்களிலிருந்து எங்கள் கடைக்குப் படங்கள் வருவது வழக்கம்தான். பனியில் கம்பளிக் குல்லாயோடு நிற்கும் பேரப்பிள்ளைகள், மாதா படம், மெடல் குத்திய தாத்தாக்கள் என்று எத்தனையோ சட்டமிட்டிருக்கிறேன். இந்தப் படத்தை உருவி மேசையில் விரித்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. பாளம் பாளமாக ஐஸ் மிதக்கும் கடல். நடுவே, சாம்பலும் வெள்ளையுமாகப் புள்ளி விழுந்த பெரிய உடம்போடு ஒரு பிராணி தலையைத் தூக்கியிருந்தது. அதன் முகத்திலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கொம்பு. கயிறு முறுக்கினதுபோல் திருகிக்கொண்டு நேராக நீட்டியிருந்தது.

"மீனுங்களா?" என்றேன்.

"திமிங்கிலம். நார்வால்னு பேரு. வடதுருவத்துப் பக்கம் இருக்கும்."

"கொம்பு..."

"கொம்பு இல்ல தம்பி, பல்லு! எடது பக்கத்து மேல்பல்லு. ஒதட்டத் தொளைச்சுக்கிட்டு வெளிய வந்து வளந்துக்கிட்டே போவும். வாய்க்குள்ள பாத்தா ஒரு பல்லு கெடையாது. மீன அப்புடியே முழுங்குது. இருக்குறது ஒண்ணே ஒண்ணு. அதையும் வெளிய நீட்டிக்கிட்டுத் திரியுது பாருங்க."

பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியதைச் சொல்வதுபோல் முகம் பூரித்திருந்தது. நான் எல்லோரிடமும் கேட்பதையே கேட்டேன்.

"மாலை போடக் கொக்கி வைக்கணுங்களா? கீழ சின்ன பல்பு?"

எங்கள் கடைக்குப் பெரும்பாலும் வருவது சாமி படம், இல்லாவிட்டால் காலமானவர்கள் படம். இரண்டுக்குமே கொக்கியும் பல்பும் வேண்டும்.

"அது உசுரோட இருக்குப்பா!" என்று டாக்டரம்மா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படம் சுருண்டுகொள்ளாமல் இரண்டு கையாலும் ஓரங்களை அழுத்திக்கொண்டிருந்தேன். வாயை மூடக் கை இல்லை.

அவர் சிரிப்பை நிறுத்தினார். கழுத்தை நீட்டி என் வாயைப் பார்த்தார்.

"எடது பக்கம்," என்றார். "அதே பக்கம்."

நான் படத்தை விட்டுவிட்டுக் கண்ணாடி எடுக்கிறவன்போல் உள்ளே போய்விட்டேன். ஆனால் அன்றோடு அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. மறுநாள் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே, "என்ன மேல் இடது மூணு, சாப்பிட்டாச்சா?" என்றார். நடுவிலிருந்து எண்ணினால் கோரைப்பல் மூன்றாவது; கடைசிவரை எனக்கு அதுதான் பெயர்.

படத்தை மாட்ட நான்தான் மாடிக்குப் போனேன். ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போது காரைக்கால்மேட்டிலிருந்து ஒரு மீன்காரம்மா கன்னம் வீங்கி வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"புடுங்கி வுட்ருங்க டாக்டரம்மா. ரெண்டு நாளா ஏலத்துல கொரலே எடுக்க முடியல."

"புடுங்க மாட்டேன். வேரச் சுத்தம் பண்ணி அடைச்சு விடுறேன். நாலு தடவ வரணும்."

"நாலு தடவயா? அந்த நேரத்துக்கு நாலு கூடை மீனு வித்துருவேன். என் பல்லு, நான் சொல்றேன், புடுங்குங்க."

"கால் வலிச்சா கால வெட்டச் சொல்லுவீங்களா?"

"காலு ரெண்டுதான இருக்கு. பல்லு முப்பத்திரெண்டு இருக்குல்ல?"

"எண்ணிட்டேன். இருவத்தாறுதான் இருக்கு. மிச்சத்த எந்த ஏலத்துல வித்தீங்க?"

வலியோடு வலியாக அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாக்கில் சுவரைப் பார்த்தார். "அந்தத் தம்பி என்னாத்த மாட்டுது? கொம்பு மீனா? எங்க ஆளுங்க வலையில இது மாரி வந்ததில்லயே."

"கொம்பு இல்ல, பல்லு. இங்க வராது. இது ஐஸுக்குள்ள இருக்கும்."

"ஐஸுக்குள்ளயா? போங்க டாக்டரம்மா. ஐஸுல கெடந்தா அது செத்த மீனுதான். எனக்கா தெரியாது?"

அந்தம்மா நாலு தடவையும் வந்தார். வலி போய்விட்டது. கடைசி நாள் ஒரு பை நெத்திலியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது, "வலி போயிடுச்சுதான். புடுங்கியிருந்தா ஒரே நாள்ல போயிருக்கும்," என்று எங்கள் கடை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோருமே அப்படித்தான். பல் ஆஸ்பத்திரி என்றால் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுக்கும் இடம் என்றே எங்கள் பக்கத்தில் நினைத்திருந்தார்கள். வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே எந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று விரலால் காட்டுவார்கள். "கொறடு எல்லார் வீட்டுலயும் இருக்கு. அதுக்கு எதுக்கு எங்கிட்ட வர்றீங்க?" என்பார் டாக்டரம்மா. அவருடைய கொறடு மேசை இழுப்பறையில் துணி சுற்றிக் கிடக்கும். ஆயுத பூஜையன்று மட்டும் வெளியே வந்து சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு திரும்ப உள்ளே போகும். "வருசத்துக்கு ஒரு தரிசனம்," என்று எங்கள் முதலாளி கேலி செய்வார்.

பிடுங்கவே மாட்டார் என்றில்லை. வேறு வழியே இல்லாமல் போனால் பிடுங்குவார். பிடுங்கிய நாள் எங்களுக்குத் தெரிந்துவிடும். படியிறங்கி வந்து எங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். டீ வாங்கிக் கொடுப்போம். "ஒண்ணும் பண்ண முடியல. உள்ள பூரா கரைஞ்சுபோச்சு," என்று டம்ளரைப் பார்த்துச் சொல்வார். முதலாளி, "பல்லுதானங்க டாக்டரம்மா," என்பார். அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து படியேறிவிடுவார்.

படம் மாட்டியதிலிருந்து டாக்டரம்மாவுக்கு ஒரு புதுத் தொல்லை வந்தது. அவர் ஆசைப்பட்டு மாட்டினார். காத்திருக்கிறவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கும் படமெல்லாம் வியாதிப் படம்தானே? சொத்தைப் பல் படம், ஈறு வீங்கின படம், அதற்குப் பக்கத்தில் இது.

"பாரு, பல்லு வெளக்காம படுத்தா இப்புடித்தான் வளந்துரும்," என்று தாய்மார்கள் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். "அந்த மீனு டாக்டர்ட்ட வரமாட்டேன்னு அடம் புடிச்சிச்சு. அதான்."

பிள்ளைகள் அலறின. பால்பல் லேசாக ஆடினால்கூட, "ஆன்ட்டி புடுங்கிடுங்க, புடுங்கிடுங்க" என்று அழுதன. பிடுங்கச் சொல்லி வருகிறவர்கள் முன்பைவிட அதிகமானார்கள். டாக்டரம்மா கோபமாகக் கீழே இறங்கி வந்தார்.

"தம்பி, ஒங்க கையெழுத்து நல்லாருக்கும்ல? ஒரு சீட்டு எழுதிக் கண்ணாடிக்கு அடியில ஒட்டுங்க. இது வியாதி இல்லைன்னு போடுங்க."

'இது வியாதி இல்லை. இதன் பல் இயற்கையாகவே இப்படித்தான் வளரும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. "வியாதி இல்லன்னு எழுதி ஒட்டுனா, வியாதின்னுதானய்யா அர்த்தம்? சுறா படத்துக்கு அடியில யாராச்சும் அப்புடி எழுதுவானா?" என்றார் முதலாளி. படத்தைக் கழற்றிவிடலாம் என்று யோசனையும் சொன்னார்.

"நான் ஏன் கழட்டணும்? அது என்னா தப்பு பண்ணிச்சு?" என்று கேட்டுவிட்டு மேலே போய்விட்டார் டாக்டரம்மா. அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து அவரே கதை சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பல்லில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கின்றன, தண்ணீர் எவ்வளவு குளிர், எவ்வளவு உப்பு என்று அது பல்லாலேயே தெரிந்துகொள்ளும் என்பார். "நமக்கு ஐஸ் தண்ணி குடிச்சா சுர்ருங்குதுல்ல? அதுக்கு எப்பவும் ஐஸ் தண்ணிதான். அந்தப் பல்லு பூரா கூச்சம். அத வச்சுக்கிட்டுத்தான் கடல்ல வழி பாத்துப் போவுது." இரண்டு திமிங்கிலங்கள் சந்தித்தால் பல்லோடு பல்லை மெதுவாக உரசிக்கொள்ளும் என்று சொல்லும்போது இரண்டு பென்சில்களை எடுத்து உரசிக் காட்டுவார். படிக்கட்டில் சட்டம் அடுக்கிவைக்கும் சாக்கில் நானும் நின்று கேட்டிருக்கிறேன்.

மாங்கனித் திருவிழா வந்தால் அவருக்கு ஓய்வே இருக்காது. சாமி ஊர்வலம் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். கீழே கூட்டம் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வருஷம் ஒரு வாலிபன் பழத்தை முகத்தாலேயே பிடித்துவிட்டான். பழம் நசுங்கவில்லை, முன்பல்தான் ஆடிக்கொண்டு தொங்கியது. ஒரு கையில் மாம்பழத்தோடும் வாயெல்லாம் ரத்தத்தோடும் படியேறினான். கூட வந்தவர்கள் ஐந்தாறு பேரும் ஒரே குரலில், "புடுங்கிடுங்க, அது போயிட்டுது," என்றார்கள். டாக்டரம்மா அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். பல்லைப் பழைய இடத்தில் அழுத்தி வைத்து, மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அது அப்படியே பிடித்துக்கொண்டது. அவன் மறுவருஷத் திருவிழாவில் கரும்பு கடித்துக் காட்டினான். "நல்லா சிரி, நல்லா சிரி," என்று டாக்டரம்மா நடுத்தெருவில் அவனைச் சிரிக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம்தான் என் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

எங்கள் வீடு சுரக்குடியில். நானும் அம்மாவும் மட்டும்தான். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. இரண்டு இடத்தில் பெண் பார்த்துவிட்டு வந்தோம். இரண்டும் என் வாயால்தான் போயிற்று. முதல் இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. "மாப்பிள்ளைக்குத் திக்குவாயா?" என்று தரகரிடம் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது இடத்தில் பேசினேன், ஆனால் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. "பல்லெல்லாம் கொட்டிப்போச்சுபோல, பாவம்," என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பல்லை மறைக்கப் போய் முப்பத்திரண்டும் போய்விட்டது.

மூன்றாவதாக நெடுங்காட்டில் ஒரு இடம் வந்தது. அம்மா இந்தத் தடவை முடிவாகச் சொல்லிவிட்டார்கள். "அந்தப் பல்ல எடுத்துட்டுத்தான் அந்த வீட்டு வாசப்படி ஏறணும். இதுவும் போச்சுன்னா இனிமே நான் ஒருத்தர் வீட்டு வாசலுக்கும் வரமாட்டேன்."

பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறொரு பல் டாக்டர் இருந்தார். கேட்டால் உடனே பிடுங்குவார். ஆனால் மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயம் அம்மாவுக்கு உண்டு. "எப்பவாச்சும் புடுங்குறவங்கதான் பாத்துப் புடுங்குவாங்க. தெனம் புடுங்குறவன் பக்கத்துப் பல்லையும் சேத்து எடுத்துருவான். ஒங்க கடை மாடியில உள்ள அம்மாட்டயே போ," என்றார்கள்.

மாடிக்குப் போனேன். டாக்டரம்மா பேச்சை முடிக்கவிடவில்லை.

"நல்ல பல்லு. சொத்தை இல்ல, ஆட்டம் இல்ல. மாட்டேன்."

நான் திரும்பியிருக்க வேண்டும். எப்போதும் திரும்பிவிடுகிறவன்தான். அன்று நின்றேன். "எடுத்துடுங்க டாக்டரம்மா. எனக்கு ஒருத்தர் முன்னாடி சிரிக்க முடியல," என்றேன். கையை வாயிலிருந்து எடுத்துவிட்டுத்தான் சொன்னேன் என்பது சொல்லி முடித்த பிறகே தெரிந்தது.

அவர் என் வாயைப் பார்க்கவில்லை. முதல் தடவையாகக் கண்ணைப் பார்த்தார். "சரி. வெள்ளிக்கிழமை காலையில வாங்க," என்றார்.

பெண் பார்க்க அடுத்த வாரம் போவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை நான் கிளம்பும்போது தரகர் சைக்கிளில் வந்து நின்றார். பெண்ணின் அப்பாவுக்கு அடுத்த வாரம் வெளியூர்ப் பயணமாம். ஆடி பிறந்துவிட்டால் ஒன்றும் பேச முடியாது. இன்றைக்கே சாயங்காலம் வரச் சொல்கிறார்கள். அம்மா ஒரு நிமிஷம் யோசித்தார்கள். "காலையில எடுத்தா சாயங்காலத்துக்குள்ள ரத்தம் நின்னுடும். பஞ்சை வச்சுக்கிட்டு வா, போ," என்று அனுப்பிவிட்டார்கள்.

முன்னால் ஒரு சிக்கலான பல் வைத்தியம் இழுத்துக்கொண்டு போனதால் என் முறை வர மத்தியானமாகிவிட்டது. டாக்டரம்மா ஈறில் ஊசி போட்டார். காத்திருந்தோம். பல்லைத் தட்டிப் பார்த்தார். "வேரு எம்மாம் நீளம் தெரியுமா? வாயிலயே இதுக்குத்தான் நீள வேரு. மூக்குப் பக்கம் வரைக்கும் போவுது," என்றார். மறுபடி தட்டினார். மரத்துவிட்டது என்று நான் கையால் சைகை செய்தேன். "எதுக்கும் இன்னொண்ணு போடுறேன்," என்று இரண்டாவது ஊசியையும் போட்டார். என் கன்னமும் மூக்கோரமும் மேலுதடும் யாருடையவையோ ஆகிவிட்டன.

இழுப்பறையைத் திறந்து கொறட்டை எடுத்தார். துணியைப் பிரித்தார். பல்லில் பொருத்தினார். உலோகம் பல்லில் படும் சத்தம் கேட்டது; வேறொன்றும் தெரியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது கொறடு மேசையில் இருந்தது. டாக்டரம்மா ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"என்னால முடியல தம்பி. மன்னிச்சுடுங்க," என்றார்.

மறுபடி கேட்க எனக்கு வாய் இல்லை. நிஜமாகவே இல்லை. வீட்டுக்குப் போனேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் சொன்ன நேரத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. நெடுங்காட்டில் பெண் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா காதோரம் சொன்னார்கள்: "கை வாய்க்குப் போச்சு, நான் அங்கேயே எழுந்துருவேன்."

இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெண்ணின் அப்பா என்ன வேலை என்று கேட்டார். 'பிரேம்' என்பதில் உதடு ஒட்ட வேண்டிய இரண்டு இடத்திலும் ஒட்டவில்லை, காற்றுதான் வந்தது. அம்மா குறுக்கே புகுந்து பதில் சொன்னார்கள். பெண் கேசரியும் காப்பியும் கொண்டுவந்தாள். காப்பி ஒரு பக்கமாக வழிந்து சட்டையில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கேசரி வாய்க்குள் போயிற்று என்று நினைத்தேன். அது தரையில் கிடந்தது. யாராவது பெருக்க வரும்முன் நானே குனிந்து எடுத்து, கைக்குட்டையால் நெய் போகத் தரையைத் துடைத்தேன். நிமிர்ந்தபோது பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எந்தப் பக்கம் சிரித்தது என்று சொல்ல முடியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள்.

அடுத்த நாட்களில் டாக்டரம்மா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நேரே படியேறிவிடுவார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரு நாள் முதலாளியிடம் மட்டும், "நெடுங்காட்டுலேருந்து தகவல் வந்துதா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் யாருக்கும் அதுவரை அப்படிச் செய்ததில்லை. ஊசி போட்டு, கொறட்டைக் கையில் எடுத்து, கீழே வைத்துவிட்டார். அதனால் என் சம்பந்தம் கெட்டுப்போய்விடும் என்ற பயம் அவர் நடையிலேயே தெரிந்தது.

தகவல் வந்தது. பெண்ணுக்குச் சம்மதம். எனக்கே நம்ப முடியவில்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டரம்மா சந்தோஷப்படவில்லை.

"பல்லப் பாத்தாங்களா?"

"பாத்திருப்பாங்க."

"பாத்திருப்பாங்கன்னு சொல்லாதீங்க தம்பி. இந்தப் பல்லு வேணாம்னு அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லட்டும், எடுத்துடுறேன். இந்தத் தடவ கீழ வைக்க மாட்டேன்."

ஆடி போய், ஆவணியில் முகூர்த்தம். புடவை எடுக்க இரண்டு வீட்டாரும் காரைக்காலுக்கு வந்தார்கள். ஜவுளிக்கடையிலிருந்து திரும்பும் வழியில் அம்மா அவர்களை எங்கள் பிரேம் கடைக்கு அழைத்துவந்து, முதலாளிக்கு அறிமுகம் செய்துவைத்தார்கள். பெண்ணை நான் பார்ப்பது அது இரண்டாவது தடவை. என் கை வழக்கமான இடத்தில் இருந்தது. டாக்டரம்மாவுக்கு யார் போய்ச் சொன்னார்களோ, கையுறையோடு படியிறங்கி வந்து நேராகப் பெண் முன்னால் நின்றார்.

"நான் பல் டாக்டர். ஒண்ணு கேக்குறேன், கூச்சப்படாம சொல்லும்மா. இவரு பல்ல எடுத்துடவா? இன்னைக்கே எடுத்துடுறேன்."

பெண் திகைத்துப்போனாள். "எந்தப் பல்லுங்க?"

"எந்தப் பல்லா? பொண்ணு பாக்க வந்தப்ப நீ பாக்கல?"

"பல்லப் பாக்கலிங்க. ஒதடு ஒரு பக்கமாத் தொங்கிக்கிட்டு மூடியிருந்துச்சு." பெண் தயங்கினாள். என் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இப்ப வாயி நேராயிட்டுதுங்களா? மருந்து எதாச்சும் சாப்புடுறாங்களா?"

டாக்டரம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. கையுறைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாய்க்கோணல்னு நெனச்சியா?"

"ஆமாங்க. அப்பா வேணாம்னுதான் சொன்னாங்க." பெண் இப்போது தலையைக் குனிந்துகொண்டாள். "கீழ விழுந்த கேசரிய அவங்களே எடுத்துத் தொடைச்சாங்க. எங்க வீட்டுல ஆம்பளைங்க யாரும் அதச் செய்ய மாட்டாங்க. நாந்தான் வாயி கோணலா இருந்தா இருந்துட்டுப் போவுதுன்னு சொன்னேன்."

"அது நான் போட்ட ஊசிம்மா," என்றார் டாக்டரம்மா. "ஒண்ணுக்கு ரெண்டா போட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கைய எடுங்க தம்பி. அவ பாக்கட்டும்."

எடுத்தேன். பெண் பார்த்தாள். அம்மா புடவைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பெண்ணின் அம்மாவும் எட்டிப் பார்த்தார்கள். என் காது இரண்டும் சுட்டன.

"இத எடுக்கணும்னா மறுபடி அந்த ஊசி போடணுங்களா?" என்று பெண் கேட்டாள்.

"போடணும்."

"அப்ப வேணாங்க. புடுங்காதீங்க. கல்யாணப் போட்டோவுல வாயி கோணிக்கும்."

டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். முதலாளி பதறிப்போய் டீ சொல்லி அனுப்பினார்.

"இத்தன வருசமா இந்த மாடியில ஒக்காந்திருக்கேன்," என்று டாக்டரம்மா பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எங்கிட்ட வந்து புடுங்காதீங்கன்னு சொன்ன மொத ஆளு நீதான்ம்மா."